கம்போடியாவுக்குப் போன நல்லெண்ணெய்

தர்மாவரம்
12.12.2024

தம்பி வீரபாகுவுக்கு அக்கா தில்லையம்மாள் எழுதுவது. நீயும் அங்கம்மாளும் சுகமா? உன் முட்டிவலி தேவலையா? தறியில் உட்கார்ந்து எழும்போது சுவரைப் பிடித்துக்கொள் என்று சொன்னால் கேட்கமாட்டாய்.

நீங்கள் பொங்கல் முடிந்து உதயகுமார் டூரில் கம்போடியா போகிற சேதியை அங்கம்மாள் போனில் கத்திக் கத்திச் சொன்னாள். எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. ஸ்பீக்கரில் போட்டதால் இந்தத் தெருவுக்கு முழுசாக விழுந்தது. அதனால்தான் முக்கியமானதைத் தபாலில் எழுதுகிறேன். மருமகள் காயத்ரிக்கும் பேத்தி கீர்த்திக்கும் தமிழ் பேச வரும், படிக்க வராது. இந்தத் தெலுங்கு ஊரில் எனக்கு இருக்கிற ஒரே பூட்டு தமிழ் எழுத்துதான்.

உன் மாமாவுக்குப் பக்கவாதம் வந்து நாலு மாசம் ஆகிறது. வலது கை தூக்க வரவில்லை. ஐம்பது வருஷம் தறியில் நாடா தள்ளிய கை இப்போது மடியில் கிடக்கிறது. நான்தான் ஊட்டிவிடுகிறேன். ஊட்டும்போது அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

பார்சலில் ஒரு சீசா நல்லெண்ணெய் வருகிறது. செக்கடியில் நானே நின்று ஆட்டி வாங்கியது. அந்த ஊரில் நம் சாமிகள் காட்டுக்குள்ளே எண்ணூறு வருஷமாக விளக்கில்லாமல் இருக்கிறார்களாமே? அதில் யாருமே எட்டிப்பார்க்காத ஒரு சிவனாகப் பார்த்து இதை ஊற்று. கூட்டம் நிற்கிற சாமிக்கு ஆயிரம் பேர் வேண்டுதல், என் குரல் எங்கே கேட்கப்போகிறது? யாருமில்லாத சாமி என்றால் என் ஒருத்தி குரலையாவது கேட்பார். மாமா கை திரும்பணும், அவ்வளவுதான் வேண்டுதல்.

யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து ஊற்று. ரகசியமாகச் செய்தால்தான் பலிக்கும். உன்னுடையது ஓட்டை வாய், ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு நிற்காதே.

பத்திரமாகப் போய் வாருங்கள். அங்கம்மாளுக்குக் கம்பளி எடுத்துக்கொள்.

உன் அக்கா
தில்லையம்மாள்


காஞ்சிபுரம்
27.1.2025

அன்பு அக்காவுக்கு வீரபாகு வணங்கி எழுதுவது. மாமா உடம்பு எப்படி? நாங்கள் இருபத்தொன்றாம் தேதியே வந்துவிட்டோம். முட்டி கொஞ்சம் வீங்கியிருக்கிறது, மற்றபடி சுகம்.

அக்கா, அங்கோர் என்கிற அந்த இடத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! விடியும் முன்னே கிளப்பிக் கூட்டிப்போனார்கள். நம் போட்டோ ஒட்டின ஒரு சீட்டைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். தண்ணீர் நிறைந்த பெரிய அகழி. அதைத் தாண்டினால் ஐந்து கோபுரம். பின்னால் சூரியன் வந்ததும் எங்கள் கூட்டத்தில் இருபத்திரண்டு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர்கள் கோபுரத்தை விட்டுவிட்டு எங்களைப் போட்டோ எடுத்தார்கள்.

சுவர் நெடுக பாற்கடல் கடைகிற சிற்பம். ஒரு பக்கம் தேவர், ஒரு பக்கம் அசுரர், நடுவில் பெருமாள். ஒரு வாசலில் எட்டுக் கையோடு பெருமாள் நிற்கிறார். அந்த ஊர்க்காரர்கள் அவரைத் தங்கள் குலசாமியாக வைத்து மஞ்சள் துணி சாத்தி ஊதுவத்தி ஏற்றுகிறார்கள். அடுத்து ஒரு கோயிலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கோபுரத்தில் முகம், முகம், முகம். இன்னொன்றில் மரத்து வேர் மதிலைக் கவ்விப் பிடித்திருக்கிறது. மத்தியானம் ஒரு புத்த மடத்தில் பிட்சு எங்கள் கையில் சிவப்பு நூல் கட்டினார். உன் தம்பி பொண்டாட்டி அந்த முடிச்சைப் பார்த்து, “இன்னா முடிச்சு இது, தறியில போட்டா ஒரு நாள் தாங்காது” என்றாள். நல்லவேளை, அவருக்குத் தமிழ் தெரியாது.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தது ஒரு அம்மா, நாற்பத்தைந்து வயது இருக்கும். பேர் பொப்பா. நம்ம புஷ்பாதான் அங்கே போய்ப் பொப்பா ஆகிவிட்டது என்றான் உதயகுமார். “வாங்க”, “மெதுவா”, “சாப்டீங்களா” என்று மூன்று தமிழ் வார்த்தை கற்று வைத்திருந்தாள். செங்குத்தான படியில் அங்கம்மாளைக் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏற்றி இறக்கினாள்.

உன் எண்ணெய் ஊற்றியாகிவிட்டது.

மறுநாள் ஏரிக்குள்ளே வீடு கட்டி வாழ்கிறவர்களைப் பார்க்கப் போனோம். அன்றைக்கு வழிகாட்ட வேறொரு ஆள் வந்தார். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தையும் தெரியாது.

மாமாவைக் கேட்டதாகச் சொல். காயத்ரிக்கும் கீர்த்திக்கும் என் ஆசி.

தம்பி
வீரபாகு


தர்மாவரம்
10.2.2025

என் தங்கத் தம்பிக்கு, அக்கா. நீ நன்றாக இருக்கணும். வீங்கின முட்டிக்கு உப்பு ஒத்தடம் கொடு.

கேள், கேள். உன் லெட்டர் வந்த மறுநாள் காலை மாமாவுக்குப் போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். வலது கைக் கட்டைவிரல் அசைந்தது! என் கண்ணால் பார்த்தேன். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். காயத்ரி ஓடிவந்து, “ஏமைந்தி அத்தம்மா?” என்கிறாள், என்ன ஆச்சென்று கேட்டவளை ஒன்றுமில்லை போ என்று அனுப்பிவிட்டேன். அந்தச் சாமி கேட்டுவிட்டார், தம்பி. உன் கையால் ஊற்றிய எண்ணெய் வீண் போகவில்லை.

ஆனால் நீ என்ன ஆள்? பெருமாளுக்கு எட்டுக் கை, கோபுரத்துக்கு எத்தனை முகம், எல்லாம் எழுதினாய். நான் சோறு தண்ணி இறங்காமல் காத்திருந்த சேதிக்கு ஒரே ஒரு வரி! எந்தக் கோயில்? லிங்கம் எவ்வளவு உயரம்? எண்ணெய் இறங்கினபோது எப்படி இருந்தது? பக்கத்தில் யார் இருந்தார்கள்? ஒன்று விடாமல் எழுது. மாமாவுக்கு வாசித்துக் காட்டணும்.

அந்தப் பொப்பா மகராசி நல்லா இருக்கட்டும். மறுநாள் ஏன் வரவில்லை? உடம்பு சரியில்லையா?

அக்கா
தில்லையம்மாள்


காஞ்சிபுரம்
3.3.2025

அக்காவுக்கு வணக்கம். மாமா விரல் அசைந்த சேதி கேட்டு அங்கம்மாள் உடனே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். எனக்கும் சந்தோஷம்தான். இங்கே வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. தறிக்குழியில் உட்கார்ந்தால் முதுகு கசகசவென்று இருக்கிறது.

நான் எண்ணெய் ஊற்றினதை எங்கள் கூட்டத்தில் ஒருத்தர் பின்னாலிருந்து போட்டோ எடுத்திருக்கிறார். அது தெருவில் எல்லார் போனிலும் சுற்றுகிறது. “எண்ணூறு ஆண்டு இருளில் இருந்த ஈசனுக்கு எண்ணெய்க் காப்பிட்ட காஞ்சி நெசவாளர்” என்று எவனோ எழுதிச் சேர்த்திருக்கிறான். டீக்கடையில் எனக்கு முன்னால் இடம் விடுகிறார்கள். ஆடித் திருவிழாவில் தெரு அம்மன் கோயிலில் எனக்குப் பரிவட்டம் கட்டப்போகிறார்களாம். அதற்கான பட்டுத்துணியை என்னையே நெய்யச் சொல்லிவிட்டார்கள். வேண்டாம் என்றேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் அதிகமாகப் பேசுகிறார்கள்.

கோயில் பேர் வாயில் நுழையவில்லை. சின்னக் கோயில், காட்டுக்குள்ளே. லிங்கம் என் இடுப்பு உயரம் இருக்கும். வேறென்ன எழுத? எண்ணெய் எல்லாக் கல்லிலும் எப்படி இறங்குமோ அப்படித்தான் இறங்கியது.

மாமாவுக்கு மருந்து தவறாமல் கொடு.

வீரபாகு


தர்மாவரம்
18.4.2025

வீரபாகுவுக்கு, அக்கா. இங்கே உயிரோடு இருக்கிறோம். அங்கே எப்படியோ தெரியவில்லை, ஒன்றரை மாசமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

அங்கம்மாள் போனில் சொன்னாள்: “அவரு கோயிலுக்கே போறதில்லக்கா. கைல அந்தச் செவப்புக் கயிற அறுத்துப் போட்டுட்டாரு. கேட்டா எரிஞ்சு விழறாரு.” உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான். நீ எதை மறைத்தால் எதைப் பேசுவாய் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் தறியில் பாவுநூலை அறுத்துவிட்டு அப்பாவிடம் வெயிலைப் பற்றிப் பேசுவாய். போன லெட்டரிலும் வெயிலைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

பொப்பா ஏன் மறுநாள் வரவில்லை என்று கேட்டேன். பதில் இல்லை. அங்கே என்னடா நடந்தது?

மாமா அப்படியே இருக்கிறார்.

தில்லையம்மாள்


காஞ்சிபுரம்
2.5.2025

அக்கா,

மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்கக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். இந்தக் கடிதத்தை மாமாவுக்கு வாசிக்காதே.

அன்றைக்குச் சாயங்காலம் கடைசியாக அந்தச் சின்னக் கோயிலுக்குப் போனோம். புதுசாகச் சாரம் கட்டிப் பழுது பார்த்து முடித்திருந்தார்கள். உள்ளே போகும் முன் பொப்பா எல்லாரையும் நிறுத்திச் சொன்னாள், உதயகுமார் தமிழில் சொன்னான்: “இது மணல்கல்லுங்க. தண்ணி பட்டாலே உதிருமாம். ஒண்ணும் ஊத்தாதீங்க, கையும் வெக்காதீங்கன்றாங்க.”

நான் சும்மா இருந்திருக்கக் கூடாதா? நம் ஊர்ப் பெருமையை அவிழ்த்துவிட்டேன். “எங்க ஊர்லயும் ஏகாம்பரநாதர் மணல் லிங்கந்தாம்மா. அவருக்கு அபிஷேகமே கெடையாது. கீழ பீடமா இருக்கிற ஆவுடையாருக்கு மட்டுந்தான் பண்ணுவாங்க” என்றேன். உதயகுமார் அதைச் சொன்னதும் அவளுக்கு அத்தனை சந்தோஷம். கைகூப்பினாள். பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டாள். ஊர் பேரைக் கேட்டு அதையும் எழுதிக்கொண்டாள்.

பிறகு கூட்டத்தில் ஒரு அம்மாவுக்கு மயக்கம் வந்தது. பொப்பா அவளைத் தாங்கிக்கொண்டு நிழலுக்குப் போனாள். எல்லாரும் பின்னால் போனார்கள். நான் மட்டும் உள்ளே இருந்தேன். யாரும் பார்க்காத நேரம் என்றுதான் நினைத்தேன். சீசாவைத் திறந்து முழுசையும் லிங்கத்தின் தலையில் ஊற்றினேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை, அக்கா. மணல் லிங்கத்துக்கு எதுவும் ஊற்றக்கூடாது என்று அஞ்சு நிமிஷத்துக்கு முன்னால் பாடம் நடத்தினவனே நான்தான்.

நம் ஊர்க் கருங்கல் என்றால் எண்ணெய் வழிந்து பளபளக்கும். அங்கே வழியவே இல்லை. கல் அப்படியே குடித்தது. மேலிருந்து கீழே கறுப்பாக இறங்கியது.

திரும்பினால் வாசலில் பொப்பா நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் காவல்காரர் இரண்டு பேர். என்னை ஒரு அறைக்குக் கூட்டிப்போனார்கள். பாஸ்போர்ட்டை வாங்கி மேஜைமேல் வைத்தார்கள். யார் ஊற்றச் சொன்னது என்று கேட்கிறார்கள் என்றான் உதயகுமார். அந்நிய தேசத்தில் பிடித்து வைத்துவிட்டால் அங்கம்மாள் என்ன செய்வாள் என்றுதான் ஓடியது. “அந்தம்மாதாம்பா ஊத்தலாம்னு சொன்னாங்க” என்றேன்.

உதயகுமார் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு அப்படியே சொன்னான். அவர்கள் பொப்பாவிடம் கேட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள், அக்கா. இல்லை என்று சொல்லியிருக்கலாம். கழுத்தில் மாட்டியிருந்த வழிகாட்டி அட்டையைத் தானே கழற்றி மேஜைமேல் வைத்தாள். என் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வெளியே இருந்தவர்களிடம், சீட்டில் ஏதோ சந்தேகம் கேட்டார்கள் என்று உதயகுமார் சொல்லிவைத்தான்.

வேனில் ஏறும்போது அங்கம்மாள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, “மெதுவா” என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாமா விரல் அசைந்தது என்று நீ எழுதின பிறகு இதை எப்படிச் சொல்வேன்? சொன்னால் உன் வேண்டுதலைக் கெடுத்தவனாவேன் என்று வாயை மூடிக்கொண்டேன். இப்போது தெருவில் என்னைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். அந்தப் பரிவட்டப் பட்டைத் தறியில் ஏற்றியிருக்கிறேன். நாடாவைத் தொட்டால் அந்தக் கறுப்பு இறங்குவதுதான் தெரிகிறது.

என்ன திட்டினாலும் சரி, பதில் எழுது.

வீரபாகு


தர்மாவரம்
20.6.2025

தம்பிக்கு, அக்கா. சோறு சாப்பிடுகிறாயா?

ஐம்பது நாள் கழித்து எழுதுகிறேன். உன் லெட்டர் வந்த அன்றைக்கே உன்னைத் திட்டி நாலு பக்கம் எழுதினேன். ஒட்டும் முன்னே ஒரு தடவை படித்துப் பார்த்தேன். உன் பேர் இருந்த இடத்தில் என் பேரைப் போட்டாலும் வசவு அத்தனையும் பொருந்தியது. கிழித்து அடுப்பில் போட்டேன்.

எனக்குத் தெரியும்டா. உனக்குப் பார்சல் கட்டுகிறபோதே கீர்த்தி போனில் தெலுங்கில் படித்து எனக்குத் தமிழில் சொன்னாள். “ஆயா, அங்க சாமியைத் தொடவே கூடாதாம், எதுவும் ஊத்தக் கூடாதாம், புடிச்சுப்பாங்களாம்.” நீ சும்மா இருடி என்று அவள் வாயை அடைத்தேன். உனக்கு அதை எழுதவில்லை. எழுதினால் நீ ஊற்றமாட்டாய். அதனால்தான் யாரும் பார்க்காத நேரமாகப் பார் என்று எழுதினேன். ரகசியமாகச் செய்தால் பலிக்கும் என்பதெல்லாம் நான் அந்த நிமிஷம் கட்டிவிட்ட கதை. மாட்டினால் நீதானே மாட்டுவாய், நான் இங்கே திண்டில் சாய்ந்திருக்கலாம். நல்ல அக்கா நான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மாமா விரல் அசையவில்லை. அன்றைக்கு ஃபேன் காற்றில் போர்வை ஆடியது. எனக்கு அசைந்த மாதிரி பட்டது. மறுநாளே தெரிந்துவிட்டது. டாக்டரும் வலது கை இனி இப்படித்தான் என்று சொல்லிவிட்டார். ஆனால் உனக்கு எழுதின சந்தோஷத்தைத் திரும்ப வாங்க எனக்கு மனசு வரவில்லை. ‘அப்படியே இருக்கிறார்’ என்று ஒரு வரியில் மூடினேன். அந்தப் பொய்தான் உன் வாயைக் கட்டியது என்று இப்போது தெரிகிறபோது, மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வாசிக்காதே என்றாய். மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். பேச்சு குழறுகிறது அவருக்கு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அந்தப் பொம்பள வேல?” என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் நான் ஊட்டின சோற்றை வாங்கவில்லை.

நம் மானம் போனால் போகட்டும். அவளுக்கு வேலை திரும்பணும். உதயகுமார் காலில் விழுந்தாவது விலாசம் வாங்கு. உன் கைப்பட எழுது. அவள் ஆபீசுக்கும் ஒன்று எழுது. உன் ஓட்டை வாய் இப்போதாவது உதவட்டும்.

தில்லையம்மாள்


காஞ்சிபுரம், இந்தியா
1.7.2025

மதிப்புக்குரிய பொப்பா அம்மா அவர்களுக்கு,

என் பெயர் வீரபாகு. சென்ற ஜனவரி பதினெட்டாம் தேதி உங்களோடு கோயில்களைச் சுற்றிப் பார்த்த கூட்டத்தில் வந்தவன். லிங்கத்தின் மேல் எண்ணெய் ஊற்றியவன் நான்தான்.

நீங்கள் ஊற்றக்கூடாது என்றுதான் சொன்னீர்கள். எனக்கு நன்றாகப் புரிந்தது. தெரிந்தேதான் ஊற்றினேன். காவல்காரர்கள் கேட்டபோது, நீங்கள் அனுமதித்ததாக நான் சொன்னது பொய். பயத்தில் சொன்னேன் என்று எழுதினால் அது நியாயம் கேட்கிற மாதிரி இருக்கும். பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

இதே வார்த்தைகளை உங்கள் அலுவலகத்துக்கும் என் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். அவர்கள் எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் ஒப்புக்கொள்கிறேன். இனி உங்கள் தேசத்துக்கு வரக்கூடாது என்றால் வரமாட்டேன். உங்கள் அட்டையைத் திருப்பித் தரவேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

என் மனைவியைக் கையைப் பிடித்துப் படியேற்றினீர்கள். அதற்கு நான் செய்தது இது. மன்னிக்கச் சொல்லிக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

தமிழில் நான் எழுதியதை உதயகுமார் ஆங்கிலத்தில் எழுதித் தருகிறார்.

கு. வீரபாகு


காஞ்சிபுரம்
4.8.2025

அக்காவுக்கும் மாமாவுக்கும் வணக்கம். மாமா இப்போது சாப்பிடுகிறாரா? பொப்பாவுக்கு எழுதினதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

விலாசம் கேட்டபோது உதயகுமார் குதித்தான். “இன்னாத்துக்குப்பா இப்ப கிளர்றே? என் டூருக்கும் சேர்த்துல்ல கெட்ட பேரு வரும்?” என்றான். நான் எழுந்து வராமல் அவன் கடை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். “அன்னிக்கே தெரியும்பா எனக்கு. உன் பொய்ய நான் அவங்ககிட்ட சொன்னப்போ நீயே மறுத்துடுவேன்னு பார்த்துக்கினே இருந்தேன்” என்றான். பிறகு பேனாவை எடுத்தான்.

நேற்று ஆடித் திருவிழா. கூழ் ஊற்றி முடிந்ததும் என்னை மைக்கில் கூப்பிட்டார்கள். நான் நெய்த பட்டைத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு பூசாரி வந்தார். தலையைக் குனியச் சொன்னார். நான் மைக்கை வாங்கினேன். நாலு வார்த்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், எல்லாம் மறந்துவிட்டது. “ஊத்தாதேன்னு சொன்ன கல்லுமேல ஊத்தினேன். கேட்டப்ப அந்த ஊரு அம்மா மேல பழி போட்டுட்டு வந்துட்டேன். அவங்க வேலை போச்சு. எனக்கு இந்தத் துணி வேணாம்” என்றேன்.

பிறகு யாரோ, “மைக்க வாங்குங்கப்பா” என்றார்கள். பூசாரி அந்தப் பட்டை அம்மன் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கூட்டத்துக்கு நடுவில் வீடு வரைக்கும் நடந்து வந்ததைத்தான் என்னால் எழுத முடியாது. அங்கம்மாளுக்கு அதுவரை எதுவும் தெரியாது. வீட்டுக்கு வந்து தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டாள்: “அந்தப் பொண்ணு என்னைக் கைப்புடிச்சு வண்டி ஏத்துச்சே, அது இதுக்கப்புறமா?” ஆமாம் என்றேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனாள். இன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. டீக்கடையில் இடமும் விடவில்லை. அது சரிதான் என்று இருக்கிறது.

வீரபாகு


காஞ்சிபுரம்
29.8.2025

அக்கா, சுகமா? மாமா சுகமா?

பொப்பாவிடமிருந்து பதில் வந்திருக்கிறது. அவள் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை உதயகுமார் படித்துச் சொல்ல நான் தமிழில் எழுதிக்கொண்டேன். அப்படியே கீழே எழுதுகிறேன்.

“திரு. வீரபாகு அவர்களுக்கு. உங்கள் கடிதம் கிடைத்தது. அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டு அவர்களுக்கு வந்ததையும் வாசித்தார்கள். அடுத்த மாதம் அட்டையைத் திருப்பித் தருவதாகச் சொல்கிறார்கள். இந்த ஏழு மாதம் ஒரு ஓட்டலில் படுக்கை விரிப்புகள் துவைத்தேன். கல்லில் இறங்கிய எண்ணெயை எடுக்க மண் குழைத்துப் பூசிப் பார்த்தார்கள். கொஞ்சம் வந்தது, முழுவதும் வரவில்லை. அந்த அறைக்குக் குறுக்கே இப்போது கயிறு கட்டியிருக்கிறது, யாரும் உள்ளே போக முடியாது.

நான் ஏன் அன்றைக்கே மறுக்கவில்லை என்று அலுவலகத்தில் கேட்டார்கள். நான் வாசலுக்கு வந்தபோது நீங்கள் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். அழுதுகொண்டே ஊற்றினீர்கள். என் அம்மா நோயில் கிடந்த வருஷம் நானும் ஒரு புத்தர் முன்னால் அப்படி அழுதிருக்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்தேன். உங்களைப் பிடித்து வைத்தால் அவரை யார் பார்ப்பார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டேன். அவருக்கு இப்போது குணமாகிவிட்டதா?”

இவ்வளவுதான் கடிதம். அழுததை நான் உனக்கு எழுதவில்லை. நான் அழுதது அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அவள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.

கடைசியில் கேட்டிருக்கிறாளே, அதற்கு என்னால் பதில் எழுத முடியவில்லை. மூன்று நாள் பேனாவோடு உட்கார்ந்து பார்த்தேன். நீதான் எழுதணும், அக்கா.

வீரபாகு


தர்மாவரம், இந்தியா
8.9.2025

அம்மா பொப்பா,

நீ சுகமா? உன் வீட்டில் எல்லாரும் சுகமா? ஈரத்துணி தூக்கித் தூக்கி இடுப்பு வலிக்கிறதா? உன் அம்மா அந்த வருஷம் பிழைத்தாளா?

நான் வீரபாகுவின் அக்கா தில்லையம்மாள். நான் தமிழில் எழுதுவதை உதயகுமார் ஆங்கிலமாக்கி அனுப்புவார். அந்த எண்ணெயை ஆட்டிக் கொடுத்து அனுப்பியவள். ஊற்றக்கூடாது என்று தெரிந்தே அனுப்பியவள். அதனால் உனக்கு வந்ததில் பாதி என்னுடையது.

எங்கள் பக்கத்தில் யாருக்குக் கடிதம் எழுதினாலும் முதல் வரியில் சுகமா என்று கேட்போம். ஒன்பது மாசமாக நானும் என் தம்பியும் ஒருவரை ஒருவர் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அவன் முட்டியைப் பற்றிக்கூட நான் கேட்டிருக்கிறேன். அவன் உனக்கு எழுதினதை எடுத்துத் திரும்பப் படித்தேன். மன்னிப்பு இருக்கிறது, அட்டை இருக்கிறது, சுகமா என்கிற வார்த்தை இல்லை. எழுது எழுது என்று அவனை விரட்டின எனக்கும் அது தோன்றவில்லை. நீதான் முதலில் கேட்டாய், அதுவும் எங்களை. வெட்கமாக இருக்கிறது அம்மா.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். உடம்பு சரியில்லாதவர் என் வீட்டுக்காரர், பேர் கலியாணசுந்தரம். குணமாகவில்லை. வலது கை இனி வராது என்று சொல்லிவிட்டார்கள். நீ விசாரித்ததை அவரிடம் சொன்னேன். என் முகத்தைப் பார்த்து, “அவங்களக் கேட்டியா?” என்றார்.

அதனால் இதை எழுதுகிறேன். மன்னிப்பதும் மன்னிக்காததும் பிறகு இருக்கட்டும். முதல் வரியில் கேட்டேனே, அதற்கு மட்டும் பதில் எழுது.

தில்லையம்மாள்